ஆண்டிஸில் ஊர் ஆட்டம் பார்க்க: குஸ்கோவா, பௌகார்தாம்போவா, புனோவா, ஒரூரோவா?

"பெரு போகிறோம், மச்சு பிச்சு பார்க்கிறோம். அப்படியே அந்த ஊர் மக்களின் நடனத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும். எந்த மாதத்துக்கு டிக்கெட் போடுவது?" தென் அமெரிக்கா போகத் திட்டமிடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்கிறார்கள். கேட்கும்போதே பாதி குழம்பிப் போயிருப்பார்கள். ஜூன் 24 அன்று பெருவின் குஸ்கோ நகரில் நடக்கும் சூரிய விழாவான இன்டி ராய்மியைத் தவறவிடாதே என்கிறார் ஒருவர். பிப்ரவரியில் பெருவின் புனோ நகரத் திருவிழா என்கிறார் இன்னொருவர். பொலிவியாவின் ஒரூரோ கார்னிவலுக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்ல மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்.

மூவர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் மூவரும் பேசுவது மூன்று வேறு விஷயங்களைப் பற்றி. ஆண்டிஸ் மலைத்தொடரின் ஊர்களில் ஆட்டம் என்பது பெரும்பாலும் நேர்த்திக்கடன். மாதாவுக்கு, புனிதருக்கு, பனி மூடிய மலைக்கு வேண்டிக்கொண்டு ஆடுகிறார்கள். ஒரூரோவில் மூன்று வருடம் தொடர்ந்து ஆடுவதாக வேண்டிக்கொள்வதுதான் வழக்கம். இன்னொரு பக்கம், பார்வையாளருக்காகவே ஒழுங்கு செய்த ஆட்டங்களும் உண்டு. அதனால் எது பெரிய விழா என்று தேடுவதை விட்டுவிட்டு, யாருக்காக ஆடுகிறார்கள், அங்கே நான் எங்கே நிற்பேன் என்று பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது

முதலாவது, மேலே சொன்னது: ஆட்டம் யாருக்காக. இதுதான் அனுபவத்தையே தீர்மானிக்கிறது. மற்றவை கொஞ்சம் லௌகீகமானவை.

தேதி. இந்த விழாக்களில் சிலவற்றுக்கு நாள் மாறாது. சில ஈஸ்டரைப் பின்தொடர்ந்து ஓடும். லீவு எப்போது கிடைக்கும் என்பதிலேயே சிலருக்கு முடிவு அமைந்துவிடும்.

உயரம். தமிழ்நாட்டிலேயே உயரமான இடங்களில் ஒன்றான தொட்டபெட்டா 2,637 மீட்டர். குஸ்கோ சுமார் 3,400, ஒரூரோ 3,700, புனோ 3,800 மீட்டரைத் தாண்டியது. விமானத்தில் போய் இறங்கிய அன்றே திருவிழாக் கூட்டத்தில் நின்றால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். இரண்டு மூன்று நாள் சும்மா இருக்க வேண்டும். அந்த நாள்களுக்கான ஓட்டல் வாடகையையும் விழாச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம் படுக்கை. திருவிழா நாளில் சிற்றூரில் அறை கிடைப்பது எங்கேயும் கஷ்டம். கடைசியாக, கழிப்பறை, சாப்பாடு, மழை. இதையெல்லாம் யாரும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்.

| எங்கே | எப்போது | யாருக்காக | உயரம் (மீ.) | செலவு | மறைந்திருக்கும் சங்கடம் |
|---|---|---|---|---|---|
| குஸ்கோ மேடை நிகழ்ச்சி | வருடம் முழுக்க மாலைகளில் | பார்வையாளருக்கு | 3,400 | குறைவு | திருவிழாச் சூழல் இருக்காது |
| இன்டி ராய்மி, குஸ்கோ | ஜூன் 24 | ஊருக்கும் பார்வையாளருக்கும் | 3,400–3,600 | அதிகம் | இது நாடகம்; தூரத்திலிருந்துதான் பார்க்கலாம் |
| பௌகார்தாம்போ | ஜூலை 15–18 | கார்மேல் மாதாவுக்கு | 2,900 | நடுத்தரம் | அறை கிடைக்காது |
| புனோ | பிப்ரவரி 2-ஐ ஒட்டிய இரு வாரம் | கண்டலேரியா மாதாவுக்கு | 3,800 | நடுத்தரம் | மழை, உயரம் |
| ஒரூரோ | திருநீற்றுப் புதனுக்கு முந்திய சனி | சுரங்க மாதாவுக்கு | 3,700 | மிக அதிகம் | தண்ணீர் பலூன், நெரிசல், இன்னொரு விசா |

## குஸ்கோ மேடை நிகழ்ச்சி

இதை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் அதிகம். "டூரிஸ்ட்டுக்கு ஆடுவது" என்று ஒதுக்கிவிடுவார்கள். குஸ்கோவின் சோல் அவென்யூவில் உள்ள சென்ட்ரோ கொஸ்கோ தெ ஆர்ட்டே நாட்டிவோ 1924-இல் தொடங்கியது. சுற்றுலா பெரிதாக வளர்வதற்கு முன்பே உள்ளூர்க் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு அது. மாலையில் ஒரே அமர்வில் குஸ்கோ வட்டாரத்தின் பல ஆட்டங்களை, நேரடி இசையோடு பார்க்கலாம். சக்சாய்வமான், பிசாக், ஒய்யந்தைதாம்போ ஆகிய இன்கா இடிபாடுகளுக்கு எப்படியும் வாங்கப்போகும் 130 சோல் (பெரு நாணயம்) சுற்றுலாச் சீட்டிலேயே இதுவும் அடக்கம். தனியாகச் செலவே இல்லை.

திருவிழாவுக்குப் போகிறவர்களும் முதலில் இங்கே ஒரு மாலை உட்காருவது நல்லது. எந்த முகமூடி யார், எந்த ஆட்டம் எந்த ஊர் என்று கொஞ்சம் பிடிபட்டால், பிறகு தெருவில் நூறு பேர் ஒன்றாகப் பாய்ந்து வரும்போது திகைத்து நிற்க மாட்டீர்கள். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள், நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், ஏதோ ஒரு அக்டோபரில்தான் லீவு கிடைக்கும் என்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டால்கூட ஒன்றும் குறைந்துவிடாது.

சாப்பாட்டோடு நடனம் காட்டும் 'பென்யா' விடுதிகள் வேறு ரகம். நல்லதும் உண்டு, பக்கத்து மேசைக்காரர் பிறந்தநாள் கொண்டாடும் சத்தத்தில் இசையே கேட்காத இடங்களும் உண்டு.

## இன்டி ராய்மி

இங்கே என் கருத்து கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். ஊர் ஆட்டம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், இதற்காகப் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை.

இன்கா காலத்துச் சூரிய விழாவைத் திரும்ப நடத்திக் காட்டும் நிகழ்ச்சி இது. பழைய வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ தெ லா வேகா எழுதிவைத்த குறிப்புகளை ஆதாரமாக வைத்து 1944-இல் குஸ்கோக்காரர்கள் தொடங்கியது. முழுக்கக் கெச்சுவா மொழியில், கொரிகாஞ்சா என்கிற பழைய சூரியன் கோயில், நகரச் சதுக்கம், சக்சாய்வமான் என்று மூன்று இடங்களில் நடக்கும். குஸ்கோ மக்களுக்கு அதில் பெருமிதம் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் அமைப்பில் அது ஒரு பிரம்மாண்ட நாடகம். வசனம், ஊர்வலம், அரசனின் பிரவேசம். நடனம் அதில் ஒரு பகுதிதான்.

சக்சாய்வமானில் நாற்காலி வேண்டுமென்றால் நூறு டாலரைத் தாண்டும். காசு கொடுக்காமல் சுற்றியுள்ள மேட்டில் உட்காரலாம். உள்ளூர்க் குடும்பங்கள் சோற்றுமூட்டையோடு காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடும். முதல் இரண்டு இடங்களில் டிக்கெட் இல்லாமலே எட்டிப் பார்க்கலாம். ஜூன் கடைசி வாரத்தில் குஸ்கோ ஓட்டல்களும் மச்சு பிச்சு ரயிலும் என்ன விலை சொல்லும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூனில்தான் போக முடியும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: கிறிஸ்துவின் திருவுடல் திருநாள். ஈஸ்டரிலிருந்து 60-ஆவது நாள் வரும் வியாழக்கிழமை. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து 15 புனிதர், மாதா சுரூபங்களைத் தோளில் சுமந்து குஸ்கோ பேராலயத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கோயிலிலிருந்தும் அதன் பேண்டு வாத்தியமும் ஆட்டக்காரர்களும் வருவார்கள். டிக்கெட் கிடையாது, தெருவில் நின்றால் போதும். 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28 என்பதால் இந்தத் திருநாள் மே 27-இல் வருகிறது. பள்ளிக்கூட லீவில்தான் கிளம்ப முடியும் என்கிற தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குப் பொருந்திவரும் தேதி. அன்றைய விசேஷச் சாப்பாடு 'சிரி உச்சு'வில் கோழியோடு கினிப் பன்றியும் இருக்கும், சைவர்கள் கவனிக்க.

## பௌகார்தாம்போ

ஒரே ஒரு விழாவுக்குத்தான் போக முடியும் என்றால், என் ஓட்டு இதற்கு.

குஸ்கோவிலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெள்ளைச் சுவரும் நீல பால்கனியுமாக ஒரு சிறிய ஊர். ஜூலை 15-இலிருந்து 18 வரை, கார்மேல் மாதாவுக்கு (ஊர்க்காரர்கள் செல்லமாக 'மமாச்சா கார்மென்' என்பார்கள்) பதினைந்துக்கும் மேற்பட்ட ஆட்டக் குழுக்கள் ஆடுகின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் அந்த வருடத்து உபயதாரர் ஒருவர் உண்டு. சாப்பாடு, பீர், வாத்தியக்காரர் கூலி எல்லாம் அவர் தலையில். குழுவே அவர் வீட்டில்தான் தங்கும்.

பௌகார்தாம்போவை நான் முன்னால் நிறுத்துவதற்குக் காரணம், இங்கே ஆட்டங்களுக்குள் ஒரு கதை ஓடுகிறது. கபாக் கொல்யா குழு, மேட்டுநிலத்திலிருந்து லாமா என்கிற சுமை விலங்குகளோடு வரும் வியாபாரிகள். வெள்ளைக் கம்பளி பின்னிய முகமூடி, தட்டையான செவ்வகத் தொப்பி, முதுகில் லாமாவின் இனத்தைச் சேர்ந்த விக்குன்யாவின் தோல். கபாக் சுஞ்சு குழு, கிழக்கே காட்டிலிருந்து இறகுக் கிரீடத்தோடு வருபவர்கள். இரு குழுவும் மாதாவுக்கு உரிமை கொண்டாடுகின்றன. 17-ஆம் தேதி சதுக்கத்தில் இருவருக்கும் 'போர்' மூளும். கொல்யா அரசன் செத்து விழுவான், அவன் மனைவியைச் சுஞ்சு அரசன் கொண்டுபோய்விடுவான். முடிவு எல்லாருக்கும் தெரியும், வருடா வருடம் அதேதான். ஆனாலும் அன்றைக்குச் சதுக்கத்தில் நிற்க இடம் கிடைக்காது.

நடுநடுவே கிண்டல் ஆட்டங்கள். சுக்சு குழு, காட்டுத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் மலேரியாவோடு திரும்பியவர்களாக நடுங்கிக்கொண்டே ஆடும். கூடவே பெரிய ஊசியோடு 'மருத்துவர்'. மஹென்யோ குழு, நீள மூக்கு முகமூடியும் தோல் சட்டையுமாகக் குதிரையில் வரும் சாராய வியாபாரிகள்.

ஊர்வலத்தின்போது கண்ணை மேலே வைத்திருங்கள். சக்ரா என்கிற பேய்கள் ஓட்டுக் கூரையிலும் பால்கனிக் கம்பியிலும் தொற்றிக்கொண்டிருக்கும். மாதா சுரூபம் நெருங்க நெருங்க வாலைச் சுருட்டி, முகத்தைக் கையால் மறைத்துத் திரும்பிக்கொள்ளும். கடந்துபோனதும் மறுபடி எட்டிப் பார்க்கும். ஒரு கையால் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கனமான முகமூடியோடு இதைச் செய்கிறார்கள்.

சரி, சங்கடங்கள். ஓட்டல்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவையும் முன்பே நிரம்பிவிடும். வீட்டு முற்றத்திலோ அறைத் தரையிலோ மெத்தை விரித்துத் தருவார்கள், அதற்கும் பேரம் உண்டு. தூங்குபையும் ரொக்கமும் கையில் இருக்கட்டும். கழிப்பறைக்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் போய்த் திரும்பும் வேன் பயணங்களும் உண்டு. அதில் 16-ஆம் தேதி ஊர்வலத்தைப் பார்த்துவிடலாம், ஆனால் 17-ஆம் தேதி காலை ஆட்டக்காரர்கள் கல்லறைக்குப் போய் இறந்துபோன தோழர்களுக்காகப் பாடி ஆடுவதும், மாலைப் போரும் கிடைக்காமல் போகும். இரண்டு இரவு தங்க முடியாதென்றால் இந்த ஊரைத் தேர்ந்தெடுப்பதில் பாதிப் பயன்தான்.

உயரம் இங்கே சாதகம். 2,900 மீட்டர் என்பது குஸ்கோவைவிடக் கீழே. ஜூலை வறண்ட காலம் என்பதால் மழைக் கவலையும் இல்லை. இரவுக் குளிர் மட்டும்தான். ஊரிலிருந்து அதிகாலையில் வண்டி பிடித்து த்ரெஸ் க்ரூசெஸ் முனைக்குப் போய் அமேசான் காட்டுக்கு மேலே சூரியன் உதிப்பதைப் பார்ப்பதும் இந்த நாள்களின் வழக்கம். ஜூலை 28 பெருவின் சுதந்திர தினம். அந்த வாரம் நாடே பயணம் கிளம்பும், பஸ் கட்டணம் ஏறும். அதற்குள் திரும்புகிறமாதிரி திட்டமிடுங்கள்.

## புனோ

டிட்டிகாக்கா ஏரிக்கரை நகரம். கண்டலேரியா மாதா திருவிழா 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முக்கியத் திருநாள் பிப்ரவரி 2. ஆனால் ஆட்டம் பார்க்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது அதைச் சுற்றி வரும் இரண்டு பெரிய போட்டிகளை. முதலாவது சுற்றுவட்டார கிராமங்களின் பூர்வீக ஆட்டங்கள். இரண்டாவது, அதற்கடுத்த வாரம், பளபளக்கும் 'விளக்கு உடை' ஆட்டங்கள்: தியாப்லாதா (பேய் ஆட்டம்), மொரெனாதா, கபொராலெஸ் போன்றவை. இரண்டும் என்ரிக்கே தோரெஸ் பெலோன் மைதானத்தில் நடக்கும். இரண்டாவது போட்டி முடிந்ததும் திங்கள், செவ்வாயில் அதே குழுக்கள் நகரத் தெருக்களில் ஊர்வலமாக ஆடி வரும்.

படம் எடுப்பவர்கள் எல்லோரும் இரண்டாவது வாரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். நான் முதலாவதைச் சொல்வேன். பித்தளை வாத்தியங்களின் முழக்கம் அதில் கிடையாது. சிகூரிக் குழுக்கள் மூங்கில் குழல்களை ஊதிக்கொண்டே ஆடும். சிகூ என்கிற அந்தக் குழல்வரிசையை இரண்டு பாதியாகப் பிரித்து இரண்டு பேர் வைத்திருப்பார்கள்; ஒருவரிடம் இருக்கும் சுரம் மற்றவரிடம் இராது. ஒருவர் ஊதிவிட்டு மூச்சிழுக்கும் இடைவெளியில் மற்றவர் அடுத்த சுரத்தைப் போடுவார். தனியாக யாராலும் முழு மெட்டை வாசிக்க முடியாது. ஏரிக்கரைக் கிராமத்துச் சமூக வாழ்க்கையை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

பழமைதான் முக்கியம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டாம் வாரத்தில் காலில் சலங்கை கட்டிய பூட்ஸோடு குதிக்கும் கபொராலெஸ், 1969-இல் லா பாஸ் நகரத்தில் உருவான ஆட்டம். அதில் ஆடும் இளைஞர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. இன்னொன்று, தியாப்லாதா யாருடையது என்ற பேச்சைப் புனோவிலும் எடுக்காதீர்கள், ஒரூரோவிலும் எடுக்காதீர்கள். 2009-இல் பிரபஞ்ச அழகிப் போட்டியில் பெரு அழகி அந்த உடை அணிந்தார் என்று பொலிவிய அரசே எதிர்ப்புத் தெரிவித்தது.

சங்கடங்கள்: பிப்ரவரி நடு மழைக்காலம். மைதானத்தில் காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார வேண்டும். வெயில் சுடும், அரைமணியில் ஆலங்கட்டி மழை கொட்டும். இன்கா மலையேற்றப் பாதை பிப்ரவரி முழுக்கப் பராமரிப்புக்காக மூடியிருக்கும் (மச்சு பிச்சு திறந்திருக்கும்). மலையேற்றமும் திட்டத்தில் இருந்தால் புனோவை விட்டுவிட வேண்டியதுதான்.

## ஒரூரோ

2001-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்ற பொலிவியக் கார்னிவல். திருநீற்றுப் புதனுக்கு முந்திய சனிக்கிழமை, 28,000 ஆட்டக்காரர்களும் 10,000 வாத்தியக்காரர்களும் 4 கிலோமீட்டர் ஆடிக்கொண்டே போய்ச் சுரங்க மாதா கோயிலில் முடிப்பார்கள். இருபது மணி நேரம் ஓயாது. இந்தப் பட்டியலில் கண்ணைப் பறிப்பது இதுதான், சந்தேகமே இல்லை.

பாதையோரம் முழுக்க மரப் படிக்கட்டு இருக்கைகள், எல்லாம் காசுக்கு. பல ஓட்டல்கள் ஒரு இரவுக்கு அறை தராது, மூன்று நாளுக்குச் சேர்த்துத்தான். தண்ணீர் பலூனும் நுரைப் புட்டியும் நாலாபக்கமும் பறக்கும். வெளிநாட்டு முகம் என்றால் குறி தப்பாது. கேமராவுக்கு உறையும் உங்களுக்குப் பிளாஸ்டிக் அங்கியும் தேவை. பெருவோடு சேர்த்துப் போனால் பொலிவிய விசா தனி வேலை.

இவ்வளவையும் சகித்துப் போகிறவர்கள் இருக்கையிலேயே நாளை முடித்துவிடாமல், கோயில் வாசல் பக்கமும் ஒருமுறை போகப் பாருங்கள். நாளெல்லாம் பேயாக ஆடியவர்கள் முகமூடியைக் கழற்றிவிட்டு முழங்காலில் நடந்து உள்ளே போவார்கள். அந்தச் சனிக்கு முந்திய வியாழக்கிழமை நடக்கும் 'அனாத்தா' ஊர்வலத்தில் கிராமத்துக் குழுக்கள் விளைச்சலைச் சுமந்துகொண்டு ஆடி வரும்; கூட்டமும் குறைவு, இருக்கைக் காசும் பெரிதாக இராது.

2027-ஐ எடுத்துக்கொண்டால் ஒரூரோ சனிக்கிழமை பிப்ரவரி 6. நான்கு நாள் முன்னால்தான் புனோவின் திருநாள். புனோவிலிருந்து பஸ்ஸில் லா பாஸ், அங்கிருந்து இன்னும் சில மணி நேரத்தில் ஒரூரோ. இரண்டையும் ஒரே பயணத்தில் கோக்க வசதியான வருடம். புனோ போட்டித் தேதிகளை மட்டும் அந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## மற்ற சில

கொய்யுர் ரித்தி. குஸ்கோவுக்குக் கிழக்கே, சுமார் 4,700 மீட்டரில், திருவுடல் திருநாளுக்குச் சற்று முன் நடக்கும் யாத்திரை. ஆட்டக் குழுக்கள் நூறு வகை. இரவில் உறைபனி, கூடாரம், ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை. கரடி வேடமிட்ட உக்குக்குகள் சாட்டையோடு ஒழுங்கு காப்பார்கள், மது கூடாது. பக்தியோ நல்ல உடல்வலுவோ இல்லாமல் வேடிக்கை பார்க்க மட்டும் போகிற இடமில்லை.

அமந்தானி தீவு. டிட்டிகாக்காவில் ஒரு குடும்பத்தின் வீட்டில் இரவு தங்கினால், அவர்கள் துணியையே உங்களுக்கு உடுத்தி ஊர்க் கூடத்துக்கு அழைத்துப்போய் ஆட வைப்பார்கள். விருந்தாளிக்காக ஏற்பாடு செய்ததுதான். ஆனால் நீங்களே ஆடும் வாய்ப்பு இங்கேதான், காசும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துக்கே போகிறது.

மாச்சா ஊரின் 'டின்கு'. மே தொடக்கத்தில் பொலிவியாவின் பொத்தோசிப் பகுதியில். இது நிஜமாகவே ஊர்கள் மோதிக்கொள்ளும் சடங்கு. ரத்தம் சிந்தும், உயிர்ப்பலியும் நேர்ந்திருக்கிறது. கார்னிவல்களில் அதன் நடன வடிவத்தைப் பார்த்தால் போதும்.

## யாருக்கு எது

ஜூலையில் லீவும், தரையில் படுக்கத் தயங்காத மனசும் இருந்தால் பௌகார்தாம்போ. இசைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் புனோ, முதல் போட்டி. கூட்டமும் கொண்டாட்டமும் பிடிக்கும், பணமும் ஓரளவு இருக்கிறது என்றால் ஒரூரோ. மே கடைசியிலோ ஜூனிலோ குடும்பத்தோடு என்றால் குஸ்கோவில் திருவுடல் திருநாள், கூடவே ஒரு மாலை மேடை நிகழ்ச்சி. இன்டி ராய்மி, அந்தத் தேதியில் தற்செயலாக ஊரில் இருந்தால் பாருங்கள்.

எங்கே போனாலும் யாராவது ஒரு குவளை பீரையோ சிச்சா என்கிற சோள மதுவையோ நீட்டுவார்கள். குடிப்பதற்கு முன் மண்ணில் இரண்டு சொட்டு விட வேண்டும், அது பூமித் தாயான பச்சமாமாவுக்கு. குடிக்காதவர்கள் சிரித்தபடி மறுத்துவிட்டு ஒரு பாட்டில் சோடா வாங்கிக் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டும் முன் கண்ணால் ஒரு அனுமதி.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை மறக்கக் கூடாது. பெரு, பொலிவியா இரண்டுமே இந்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள்.